தேக்கா மார்க்கெட்ல நான் வழக்கமா கறி வாங்குற கடை

சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கெல்லாம் சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தைல (கறி, மீன், காய்கறி விக்கிற மார்க்கெட்) நிப்பேன், எட்டு வருஷமா ஒரே பாய் கடைதான். நடுவுல ஒரு தடவை சோம்பேறித்தனமா சூப்பர்மார்க்கெட்ல பாக்கெட் மட்டன் வாங்குனேன், மேல நல்ல துண்டா அடுக்கிட்டு அடில முழுக்க கொழுப்பும் ஜவ்வும், குழம்புல ஒரே எலும்புச் சில்லு, அம்மா சாப்பிடவே இல்ல.

பாய் கடைல கதவும் இல்ல கண்ணாடியும் இல்ல. முன்னாடி டைல்ஸ் மேடை, தலைக்கு மேல குறுக்கால கம்பி, அதுல வரிசையா கொக்கி, தொடையும் விலாவும் தொங்கும். தொங்கவிட்டாதான் ஈரம் வடியும், காத்து எல்லாப் பக்கமும் படும், நாமளும் நல்லா பாத்துட்டு "அந்த நெஞ்செலும்புல இருந்து போடுங்க பாய்"னு கேக்கலாம். அப்புறம் அந்த வெட்டுக்கட்டை! நம்மூர்ல கறிக்கடைன்னாலே புளியங்கட்டைதான், நல்லா இறுகுன மரம், கத்தி எத்தனை தடவை விழுந்தாலும் சிம்பு பெயராது, கறில தூள் ஒட்டாது. பாயோட கட்டை வெட்டி வெட்டி நடுவுல கிண்ணம் மாதிரி குழிஞ்சு கிடக்கு. நல்லி எலும்ப அதுல சாய்ச்சு வச்சு ஒரே போடு, உள்ள இருக்குற மஜ்ஜை சிந்தாம ரெண்டா வரும், அந்தக் கைக்குத்தான் நான் காசு குடுக்குறேன்.

இந்த இடத்துக்கே கால்நடையோட பழைய உறவு இருக்கு. இதோட பழைய பேரு கண்டாங் கெர்பாவ், அப்படின்னா மலாய்ல எருமைக் கொட்டில், பக்கத்துலயே பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, மாட்டு வியாபாரி ஒருத்தர் பேர்ல பெலிலியோஸ் ரோடு. கே.கே. மார்க்கெட்னு பழைய ஆளுங்க சொல்றது 1915ல கட்டுனது, அதுக்கு பதிலாத்தான் 1982ல இந்தக் கட்டடம் வந்துச்சு. அப்போ சூஜியாவ்னு பேரு வச்சாங்க, நம்ம சனம் யாரும் அப்படிக் கூப்பிடல, 2000ல திரும்ப தேக்கான்னே மாத்திட்டாங்க. எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

விலை பாக்கெட் கறிய விட கொஞ்சம் கூடத்தான், ஆனா பிரியாணிக்குன்னா ஒரு வெட்டு, சுக்காவுக்குன்னா ஒரு வெட்டு, கேட்டுக் கேட்டுப் போடுவாரு, கொழுப்ப தனியா எடுத்துட்டு நிறுத்துத் தருவாரு. தீபாவளிக்கு முந்துன நாள் மட்டும் போயிடாதீங்க, நிக்க இடம் இருக்காது. சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வேணும்னா எட்டு மணிக்குள்ள போங்க, ஒரு நாளைக்கு கொஞ்சம்தான் வரும், எனக்கு முன்னாடி நிக்கிற பாட்டி ஒருத்தங்க எப்பவுமே மொத்தத்தையும் வாங்கிட்டுப் போயிடுவாங்க.