கும்பகோணத்தில் பெரிய பிரிண்ட் போடுகிறவர்களுக்கு: லேப் நல்ல லேப், ஆனால் 'கரெக்‌ஷன் வேண்டாம்' என்று எழுதிக் கொடுங்கள்

போர்க்களப் புகைப்படக்காரர்களைப் பற்றி எங்கள் வாசகர் வட்டம் ஒரு சின்னக் கண்காட்சி வைத்தது. காப்புரிமைத் தொல்லை இல்லாத பழைய படங்களாகப் பொறுக்கி, மகாமகக் குளம் பக்கம் ஒரு கலர் லேபில் மேட் பேப்பரில் பிரிண்டுக்குக் கொடுத்தோம். முக்கால்வாசி கல்யாண ஆல்பம் போடுகிற இடம்.

பிரிண்ட் தரத்தில் குறையே இல்லை. கறுப்பு கறுப்பாகவே வந்தது, வேறு கடைகளில் மாதிரி பச்சையோ ஊதாவோ தட்டவில்லை.

வம்பு ரோஜர் ஃபென்டன் படத்தில் வந்தது. 1855இல் கிரிமியப் போரில் எடுத்தது, ஆள் ஒருவர்கூட இல்லை, பள்ளத்தாக்கில் ஒரு மண்பாதை, அதில் இறைந்து கிடக்கும் பீரங்கிக் குண்டுகள், அவ்வளவுதான். ஆபரேட்டர் தம்பி அந்தக் குண்டுகளில் பாதியை அழித்துவிட்டார்! கேட்டால், "நெகட்டிவ்ல புள்ளி விழுந்திருக்குன்னு நெனச்சேன் சார், கிளீன் பண்ணிட்டேன்" என்கிறார். ஒயின் வியாபாரியின் வண்டியை இருட்டறையாக மாற்றி ஓட்டிக்கொண்டு போய், கண்ணாடித் தகட்டில் பூசிய மருந்து காய்வதற்குள் கழுவி எடுத்த மனிதர் அவர். இதில் வேடிக்கை, பாதையில் குண்டே இல்லாத இன்னொரு படமும் அவர் எடுத்திருக்கிறார், குண்டுகளை அவரே பாதையில் போடச் சொன்னாரா என்று இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. நம் தம்பி மூன்றாவதாக ஒன்று தயார் பண்ணிவிட்டார்.

ராபர்ட் சார்ஜென்ட் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் படகுக்குள்ளிருந்து எடுத்த படத்திலும் கைவரிசை. வீரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கும் அந்த மங்கலான காலைக்கு, ரிசப்ஷன் போட்டோ மாதிரி பளிச்சென்று வெளிச்சம் ஏற்றியிருந்தார்கள்.

தம்பியைக் குறை சொல்ல மனமில்லை, மாப்பிள்ளை முகத்தில் பருவை எடுக்காவிட்டால் அவருக்குத்தான் திட்டு விழும். ஆனால் செய்திப் படத்தில் இதே வேலையைச் செய்தால் பிழைப்பே போய்விடும். 2006இல் பெய்ரூட் குண்டுவீச்சுப் படத்தில் புகையைக் கூட்டிக் காட்டியவரை ராய்ட்டர்ஸ் விலக்கி, அவருடைய 900க்கும் மேற்பட்ட படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் முதலாளி முகம் சுளிக்காமல், காசு வாங்காமல் இரண்டையும் திரும்பப் போட்டுக் கொடுத்தார், அதற்காகவே நாலு நட்சத்திரம். மவுண்டிங், அதாவது பிரிண்டை அட்டையில் ஒட்டுவது மட்டும் அங்கே வேண்டாம், ஐப்பசி ஈரத்தில் ஓரமெல்லாம் உப்பிக்கொண்டது. அப்புறம், முகூர்த்த நாளை ஒட்டிப் போனால் உங்கள் பென் டிரைவைக் கையில் வாங்கக்கூட ஆள் இருக்காது.