தண்ணீர் முத்து முத்தாக நின்றதை நம்பி 38,000 ரூபா கொடுத்தேன்

திருகோணமலையில் கடலோரமாக உணவு வண்டியோ ட்ரெய்லரோ நிறுத்தி வைத்திருப்பவர்கள், பெயின்டுக்குப் பளபளப்பு ஏற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் காசு கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

உப்புவெளியில் நான் கொத்து ரொட்டியும் தேநீரும் போடுவது 14 அடி அலுமினிய ட்ரெய்லரில். கடுநீல நிறம், பழசாக வாங்கியது. மூன்று கச்சான் காலம் (வறண்ட மேல்காற்று வீசும் மாதங்கள்) வெயிலில் நின்றதில் மேற்குப் பக்கம் முழுக்க வெளிறிவிட்டது. கையை வைத்தால் நீலச் சுண்ணாம்பு மாதிரித் தூள் ஒட்டும். வண்டியில் சாய்ந்து நின்று தேநீர் குடித்த ஒருவரின் வெள்ளைச் சட்டை முதுகில் நீலப் பட்டை விழுந்த அன்றுதான், இனியும் இதை இப்படியே விடக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

தெரிந்த ஒருவர் சொல்லி ஒரு கராஜ்காரத் தம்பி வந்தார். “கொம்பவுண்ட், பொலிஷ், வெக்ஸ், மூன்றும் செய்து தாறன் அண்ணா, இரண்டு நாள் வேலை” என்றார். கொம்பவுண்ட் என்றால் பெயின்டின் மேல்படையைத் தேய்த்து எடுக்கிற களிம்பு. 20,000 அட்வான்ஸ் வாங்கினார். பில் கேட்டேன். “நமக்குள்ள என்ன பில்?” என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

செப்டெம்பர் கடைசியில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு வந்தவர், வண்டியை நிழலுக்குக்கூட இழுக்கச் சொல்லவில்லை. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார், கழுவல் முடிந்தது. கடல் மணலும் உப்பும் போகாமல் தேய்த்தால் அந்த மணலே உரைதாளாகிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரும்பு வெட்டுகிற கிரைண்டரில் கம்பளி வட்டு ஒன்றை மாட்டித் தேய்க்கத் தொடங்கினார். பொலிஷ் மெஷினை நிமிடத்துக்கு 1,000 முதல் 1,500 சுற்று அளவில் ஓட்டுவார்கள். வெட்டுகிற கிரைண்டர் 10,000ஐத் தாண்டும். ரிவெட் தலைகளிலும் மடிப்பு ஓரங்களிலும் பெயின்ட் எப்போதும் மெல்லிசு, அந்த இடங்களிலெல்லாம் அலுமினியம் வெள்ளியாகப் பல்லைக் காட்டியது. கேட்டால், “அது பழைய தேய்மானம் அண்ணா.” மூலைகளை இரும்புக் கம்பி பிரஷால் வேறு உரசினார்.

நாலு மணிக்கு, லேபிள் இல்லாத போத்தல் ஒன்றிலிருந்து ஏதோ ஊற்றிச் சீலையால் துடைத்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், மனுசன் மினுக்கித்தான் காட்டினார். அப்புறம் ஒரு கை தண்ணீர் தெளித்து, “முத்து முத்தா நிக்குது பாருங்க, வெக்ஸ் பிடிச்சிட்டுது” என்றார். இரண்டு நாள் வேலை ஒரே பகலில் எப்படி முடிந்தது என்று யோசிக்காமல் மீதி 18,000ஐயும் எண்ணிக் கொடுத்தேன். எண்ணெய் பூசிய எதிலும் தண்ணீர் அப்படித்தான் நிற்கும். தினமும் எண்ணெய்த் தட்டுக்கு முன்னால் நிற்கிற எனக்கே அது உறைக்கவில்லை.

பதினாறாம் நாள் மழை பெய்தது. காய்ந்ததும் அதே தூள் திரும்பி வந்திருந்தது. சாய்ந்த வெயிலில் பார்த்தால் பக்கம் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். போன் எடுத்தேன். “உப்புக் காத்து அண்ணா, நான் என்ன செய்ய?” அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடச் சொன்னாள் மகள். எதைக் காட்டி முறையிடுவது? பில்லும் இல்லை, பெயர் எழுதிய துண்டும் இல்லை.

சீனக்குடாப் பக்கம் பழைய பெயின்டர் ஒருவர் வந்து பார்த்தார். வெயில் பெயின்டில் உள்ள பசையைத் தின்றுவிடுகிறது, பிடிமானம் போன நிறத்தூள்தான் மேலே நிற்கிறது, அதைக் கொம்பவுண்ட் போட்டு எடுத்தால்தான் அடியில் இருக்கும் நல்ல நிறம் வரும் என்றார். வெக்ஸ் நிறத்தைத் திருப்பித் தராது, வந்த நிறத்தைக் காக்கும், அவ்வளவுதான். அதையும் இந்தக் கடற்கரையில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டுமாம். என் வண்டியில் தூளுக்கு மேலேயே சிலிக்கன் எண்ணெய் பூசியிருக்கிறது. அது முழுதாகப் போகாமல் பெயின்ட் அடித்தால் மீன்கண் மாதிரிக் குழி குழியாக வரும் என்றார். கம்பி பிரஷ் விட்டுப்போன இரும்புத் துகள் உப்புக் காற்றில் துருப்பிடித்து, பக்கத்து அலுமினியத்தையும் அரிக்கத் தொடங்கியிருந்தது.

நீங்கள் வேலை கொடுப்பதானால், முதலில் பின்பக்கத்தில் ஒரு சதுர அடி செய்து காட்டச் சொல்லுங்கள். அதைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, மறுநாள் நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளைச் சீலையால் துடைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது எந்தச் செத்த பெயின்டும் உயிரோடுதான் தெரியும். மேலே நிறமில்லாத கண்ணாடிப் பூச்சு இருந்து அது செதில் செதிலாக உரிகிறதென்றால் எந்தப் பொலிஷும் உதவாது, உரித்து மறுபடி அடிக்கத்தான் வேண்டும். மீதிக் காசு, கழுவிப் பார்த்த பிறகு.

வெள்ளி தெரிந்த இடங்களைத் துப்புரவாக்கி, அலுமினியத்துக்கென்று உள்ள ‘எட்ச் ப்ரைமர்’ என்ற அடிப்பூச்சு வைத்து, மேலே நீலம் தொட்டிருக்கிறேன். சாதாரணப் பெயின்டை நேராக அடித்தால் வெறும் அலுமினியத்தில் அது நிற்காது. வாங்கிய நீலமும் பழைய நீலமும் ஒத்துவரவில்லை. “வண்டிக்கு அம்மையா போட்டிருக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது கொத்துக்குச் சொல்கிறார்கள்.