தேவிபட்டினத்து வீட்டில் ஒரு மோடம்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த மூன்று வார லீவில் ஐந்து நாள் ஒரு டெலிபோன் ஒயரோடு போய்விட்டது. கல்யாணம், பத்திர ஆபீஸ், பேங்க் வேலை எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இந்த ஒயர் விஷயத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

அண்ணன் மகள் எம்.சி.ஏ. படிக்கிறாள். தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். கல்லூரி லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும். அவர்கள் சி புரோகிராம் எழுதிப் பார்க்கிற யூனிக்ஸ் சர்வர் என்ற பொதுக் கம்ப்யூட்டரோ ராத்திரி முழுக்கச் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டிலிருந்தே டயல் செய்து அதற்குள் வரலாம் என்று இந்த வருடம், 2001-இல்தான், வசதி செய்திருக்கிறார்கள். "சித்தப்பா, வர்றப்ப ஒரு மோடம் மட்டும் வாங்கிட்டு வாங்க" என்று கடிதம் போட்டிருந்தாள். டெலிபோன் லைன் வழியாக ஒரு கம்ப்யூட்டரை இன்னொன்றோடு பேசவைக்கிற கருவிதான் மோடம். பிள்ளை இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

சிங்கப்பூரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயரில் அலைந்து, வெளியே வைக்கிற 56 கே (நொடிக்கு 56,000 பிட் வேகம்) மோடமாகப் பார்த்து வாங்கினேன். உள்ளே செருகும் மலிவு கார்டுகள் பாதி வேலையைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டிவிடும். அண்ணன் மதுரையில் அசெம்பிள் செய்து வாங்கிய செலரான் கம்ப்யூட்டருக்கு அது தாங்காது. அதோடு, வெளிப் பெட்டியில் வரிசையாக விளக்குகள் உண்டு. எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

முதல் நாள் ராத்திரி விண்டோஸ் 98 "டயல் டோன் இல்லை" என்றது. ரிசீவரை எடுத்தால் டோன் கேட்கிறது. சிங்கப்பூர் மோடத்துக்கு நம் ஊர் டயல் டோன் பழக்கமில்லை, அவ்வளவுதான். மோடம் செட்டிங்கில் எக்ஸ்3 என்று சேர்த்ததும் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்தது. எதிர்முனை எடுத்தது. கிறீச்சென்று இரண்டு மோடமும் ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொண்டன. அரை நிமிடம். அப்புறம் அமைதி, விளக்கு அணைந்துவிட்டது.

அன்றிலிருந்து நாலு ராத்திரி இதே கதைதான். கல்லூரியில் கொடுத்த தாளில் டெலிபோன் எண், பெயர், பாஸ்வேர்டு, மூன்றே வரி. விண்டோஸில் டி.சி.பி./ஐ.பி. என்ற புரோட்டோகாலை (கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் முறை) மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டு புரோட்டோகாலையும் எடுத்துவிடு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எத்தனை வீட்டில் நேரம் மிச்சமாகியிருக்கும்! நேரில் போய்க் கேட்டதற்கு, "எல்லாருக்கும் வேலை செய்யுது சார்" என்று ஒரே பதில். எத்தனை பேர் வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது உண்மை. இவ்வளவு நல்ல வசதியைச் செய்துவிட்டு, வாசல் எங்கே என்று சொல்லாமல் விடலாமா?

ஒரு விஷயம் மட்டும் அங்கே போனதால் தெரிந்தது. அவர்கள் பக்கத்திலும் சாதாரண டெலிபோன் லைனில் மாட்டிய மோடங்கள்தான். எதிர்முனை டிஜிட்டல் லைனில் இருந்தால்தான் 56 கே என்ற பேச்சே. இரண்டு பக்கமும் சாதாரண லைன் என்றால் 33.6 கே-க்கு மேல் ஏறாது. அது போதும், தூரத்துக் கம்ப்யூட்டரில் நுழைந்து வேலை செய்ய உதவும் டெல்நெட்டில் வெறும் எழுத்துதானே வருகிறது. 9,600 வேகம் கிடைத்தாலே நொடிக்கு ஏறக்குறைய 960 எழுத்து. ஒரு திரை நிரம்ப இரண்டு நொடி. ஆனால் அந்த 9,600கூட எங்களுக்கு நிற்கவில்லை.

லைனில் கரகரப்பு என்று டெலிபோன் புகார் எண்ணான 198-க்கு முதல் நாளே புகார் பதிந்தாயிற்று. "ஆள் வரும்" என்றார்கள். மறுநாளும் ஆள் வரும். சிங்கப்பூரில் என் வீட்டு இணைப்பு ஒரு முறை போனபோது, சொன்ன மணிக்கு ஆள் வந்து, பெட்டியை மாற்றி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கால் மணி நேரத்தில் போய்விட்டான். இங்கே நாலு நாள் அடைமழையில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்படிக் காத்திருப்பது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அப்பா சிங்கப்பூரில் இருந்த காலத்தில் டிரங்க் கால் வரும் என்று தகவல் வந்தால் அம்மா விடிகாலையிலேயே தபாலாபீஸ் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவார். மூன்று நிமிடம் கத்திப் பேசுவதற்குள் முடிந்துவிடும். அப்புறம் எஸ்.டி.டி. பூத் வந்தது, ராத்திரி கட்டணம் குறையும் நேரத்துக்காக ஊரே வரிசையில் நின்றது. இன்று வீட்டுக்குள்ளேயே போன். ஆனாலும் கரகரப்பு மட்டும் அப்போது கேட்ட அதே கரகரப்பு.

ஐந்தாம் நாள் லைன்மேன் சைக்கிளில் ஏணியோடு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் மோடம், எரர் நம்பர் என்று ஆரம்பித்தேன். அவர் ரிசீவரைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார்.

"தம்பி, உள்ள ஒண்ணுமில்ல. வாடக்காத்து மாசம் இது. வெளிய வாங்க."

டெலிபோன் கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் ஒயரில், கூரை ஓரமாக ஒரு ஜாயிண்ட். மேலே சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தார். உள்ளே செம்புக் கம்பி முழுக்கப் பச்சை பூத்திருந்தது. கார்த்திகைக்கு விளக்கு எடுத்தால் புளி போட்டுத் தேய்ப்போமே, அதே களிம்பு. "கடல் இங்கேருந்து கூப்பிடு தூரம். உப்பு நுழையாத இடம் எது? மழை ஈரமும் சேந்தா இப்படித்தான்" என்றார். பேசுவதற்கு அந்த ஒயர் போதுமாம். கரகரப்புக்கு நடுவே என்ன சொல்கிறார்கள் என்று நம் காது ஊகித்துக்கொள்ளும். எவ்வளவு சரியாகச் சொன்னார்! மோடம் ஊகிக்காது.

பச்சையேறிய பகுதியை வெட்டி எறிந்து, பளபளக்கும் கம்பி வரும்வரை பிளேடால் சுரண்டி, முறுக்கி, கிரீஸ் தடவி, புது டேப் சுற்றினார். கம்பத்துப் பெட்டியில் இருந்த இன்னொரு முனைக்கும் அதே வைத்தியம். பத்து நிமிடம். மதினி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, அடுக்களைக்கு இழுத்திருக்கும் இன்னொரு போனை கம்ப்யூட்டர் ஓடும்போது யாரும் எடுக்கக்கூடாது என்று அம்மாவிடம் பொறுமையாக விளக்கினார். என் சிங்கப்பூர் வீட்டுக்கு வந்தவன் பெட்டி ஏன் கெட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு விளக்கு அணையவில்லை. 28,800. கறுப்புத் திரையில் லாகின் என்று வந்ததும் பிள்ளை தன் பெயரை அடித்தாள். நேற்று லேபில் பாதியில் விட்ட புரோகிராம் அப்படியே வந்து நின்றது. "இப்ப இது யாருகிட்டப் பேசுது?" என்று அம்மா கேட்டார். கல்லூரியோடு என்றேன். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லூரிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை அந்த மோடங்களை அணைத்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு முழுதாக நேரம் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். அணைக்காதீர்கள் என்று கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கிளம்புகிற அன்று லைன்மேனைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஜாயிண்டுக்குள் ஈரம் போகாமல் ஜெல் நிரப்பிய சின்ன கனெக்டர் சிங்கப்பூரில் கிடைக்கிறது, அடுத்த முறை வாங்கி வருகிறேன், எத்தனை வேண்டும் என்று கேட்டேன்.

"உங்க தெருவுக்கு மட்டும்னா இருபது போதும் தம்பி" என்றார். கொஞ்சம் யோசித்து, "கடக்கரைத் தெருவுக்கும் சேத்து அம்பதா வாங்கிருங்க" என்றார்.