தரவு கசிந்த பிறகு: எந்தப் பூட்டு யாருக்குச் சரி?

ஸ்டார் ஹெல்த் மருத்துவக் காப்பீட்டு நிறுவன வாடிக்கையாளர்களின் விவரங்கள் டெலிகிராம் சாட்பாட்டில் (கேட்டதற்குத் தானாகப் பதில் தரும் நிரலில்) கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கின்றன என்று 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பெயரும் போன் நம்பரும் மட்டும் இல்லை. அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, என்ன நோய் என்ற குறிப்பு வரை வெளியே வந்திருந்தது. 3.1 கோடிப் பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவர் சொன்னார். சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் அந்த நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியது. 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்ததையும் அடுத்த மாதம் சொன்னது.

தடை உத்தரவால் சாட்பாட்டை நிறுத்தலாம். ஏற்கெனவே இறக்கி வைத்துக்கொண்டவரிடமிருந்து எதையும் பிடுங்க முடியாது. அதனால் இப்படிப்பட்ட கசிவில் சிக்கியவர் தன் பக்கம் என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி. வழிகள் பல இருக்கின்றன. சில வழிகள் கதவை அடைக்கும், சில வழிகள் திருடன் உள்ளே வந்த பிறகு தகவல் மட்டும் சொல்லும். முதல் வகைக்குத்தான் என் ஓட்டு.

பயோமெட்ரிக் பூட்டா, ஆதார் எண் பூட்டா?

இரண்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறைய. பயோமெட்ரிக் பூட்டைப் போட்டால் உங்கள் கைரேகை, கருவிழி, முகம் மூன்றையும் வைத்து ஆதார் சரிபார்ப்பு நடக்காது. ஓடிபி வழக்கம்போல் வேலை செய்யும். ஆதார் எண்ணையே பூட்டினால் அந்த 12 இலக்க எண்ணை வைத்து எந்தச் சரிபார்ப்பும் நடக்காது, ஓடிபி உட்பட. அதற்குப் பதில் 16 இலக்க விஐடி என்ற மாற்று எண் ஒன்றை முன்கூட்டியே உருவாக்கி, எங்கும் அதைத்தான் கொடுக்க வேண்டும்.

காகிதத்தில் பார்த்தால் இரண்டாவதுதான் பலம். ஆனாலும் பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது முதல் பூட்டைத்தான். காரணம், ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறை. வங்கி முகவரிடம் இருக்கும் சிறு கருவியில் ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை இந்த மூன்றும் போதும். பணம் கைக்கு வந்துவிடும். ஓடிபி கிடையாது. பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்து, போலி விரல் செய்து கணக்கைத் துடைத்த வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ரேகை கசியாது, சரி. ஆனால் ஆதார் நகல் கசிந்தாலே திருடனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. பயோமெட்ரிக் பூட்டு மீதிப் பாதியை அடைத்துவிடும்.

சிரமம் இல்லாமல் இல்லை. ரேஷன் கடையில் விரல் வைக்க வேண்டும், ஓய்வூதியக்காரர்கள் வருடம் ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஆதார் செயலியில் பூட்டைத் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம், சில நிமிடங்களில் அதுவே பூட்டிக்கொள்ளும். ஸ்மார்ட்போன் இல்லாத அம்மாவுக்கு இது தொந்தரவுதான். அப்படிப்பட்ட வீட்டில் கார்டில் பெயர் உள்ள ஒருவர் மட்டும் பூட்டாமல் ரேஷன் வேலையைப் பார்த்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் பூட்டிவிடலாம். பூட்டாதவரின் ஆதாரோடு சேர்ந்த வங்கிக் கணக்கில் பெரிய தொகை வைக்காதீர்கள்.

ஆதார் எண் பூட்டு யாருக்கு? ஆதாரை அபூர்வமாக எடுப்பவர்களுக்கு. வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருபவர் தயங்காமல் போடலாம். விஐடி மறந்துவிட்டால் பதிவு செய்த போனிலிருந்து ஆதார் உதவி எண்ணான 1947க்கு எஸ்எம்எஸ் அனுப்பித் திரும்ப எடுக்கலாம். போன் நம்பரே மாறிவிட்டால்தான் அலைச்சல்.

முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதார் நகலைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அது இனிமேல் கொடுக்கும் நகலுக்கு உதவும், போன நகலுக்கு உதவாது.

இலவச அறிக்கையா, மாதச் சந்தாவா?

பான் எண் போயிருந்தால் உங்கள் பெயரில் யாரோ கடன் வாங்கும் அபாயம் உண்டு. இதற்குக் காசு கட்டிக் 'கண்காணிப்புச் சேவை' எடுக்கச் சொல்லி விளம்பரம் வரும். அவசரப்பட வேண்டாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் முழு அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தந்தாக வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் ஆண்டு முழுக்கக் கண் வைத்த மாதிரி ஆகும். உங்கள் அறிக்கையை யாராவது பார்த்தால் எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதியும் 2024 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அறிக்கையில் தவறு என்று கொடுத்த புகார் 30 நாளில் தீராவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இத்தனையும் இலவசமாக இருக்கும்போது சந்தாவுக்கு என்ன அவசியம்?

ஒரு குறை மட்டும் என்னை உறுத்துகிறது. 2017இல் ஈக்விஃபாக்ஸிலிருந்து ஏறக்குறைய 14.7 கோடி அமெரிக்கர்களின் விவரம் போனது. அடுத்த ஆண்டே, தன் கடன் அறிக்கையைக் காசில்லாமல் முடக்கி வைக்கும் உரிமையை அந்த நாட்டுச் சட்டம் எல்லோருக்கும் கொடுத்தது. முடக்கிவிட்டால் புதுக் கடன் கொடுப்பவர் அறிக்கையைப் பார்க்கவே முடியாது. அதுதான் கதவை அடைக்கும் வழி. அப்படி ஒரு சட்ட உரிமை இங்கே வர வேண்டும்.

போன் நம்பரை மாற்றலாமா?

வேண்டாம். விட்டுவிட்ட நம்பர் 90 நாளுக்குப் பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம், உங்கள் ஏதோ ஒரு கணக்கின் ஓடிபி அவருக்குப் போகும். பழைய நம்பரை வைத்துக்கொண்டு, வங்கிக்கு மட்டும் யாருக்கும் தராத இரண்டாவது நம்பரைக் கொடுப்பது மேல். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்தை மாற்றலாமா?

கோபத்தில் முதலில் தோன்றுவது இதுதான். பாலிசி புதுப்பிக்கும் நாளுக்கு 45 நாள் முன்பே விண்ணப்பித்தால் காத்திருப்புக் காலத்தை (சில நோய்களுக்குக் காப்பீடு கிடைக்க ஏற்கெனவே காத்திருந்த காலத்தை) இழக்காமல் மாறலாம். சேவை பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மாறுங்கள். ஆனால் கசிந்த விவரத்தைக் காப்பதற்காக மாறுவது பயன் தராது. உங்கள் நோய் வரலாறு இன்னொரு சர்வரிலும் ஏறும், அவ்வளவுதான். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட வழி செய்கிறது. அந்தப் பணம் அரசுக்குப் போகும், விவரத்தை இழந்தவருக்கு ஒரு ரூபாய்கூட வராது. இது அநியாயம்.

இவை எல்லாவற்றுக்கும் வெளியே நிற்பது மருத்துவத் தகவல். அதற்குப் பூட்டே இல்லை. எந்த மருத்துவமனையில் என்ன அறுவைச் சிகிச்சை, பாலிசி எண் என்ன என்று சரியாகச் சொல்லி, "உங்க க்ளெய்ம் பணம் பாக்கி இருக்கு சார், லிங்க் அனுப்பறேன்" என்று ஒருவர் பேசினால் படித்தவரும் நம்பிவிடுவார். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இதை இன்றைக்கே பேசுங்கள். அழைப்பவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் போனை வைத்துவிட்டு, பாலிசிப் பத்திரத்தில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும். அதையும் மீறிப் பணம் போய்விட்டால் யார் மீதும் சத்தம் போடாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் திருடனின் கணக்கில் இருக்கும்போதே அதை முடக்க வைக்க வாய்ப்பு உண்டு.