காட்டனா, பாலியஸ்டரா? காதர்பேட்டையில் கொஞ்சம் வேதியியல்

திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் காட்டன் டீ-சர்ட்டும் பாலியஸ்டர் டீ-சர்ட்டும் பக்கத்திலேயே தொங்கும். இரண்டுமே நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். கண்ணிகளைக் கோத்திருப்பது இரண்டிலும் சகப்பிணைப்புதான், அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பு. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று தனிமங்களும் அதே மூன்று. அப்புறம் ஏன் சித்திரை வெயிலில் ஒன்று வியர்வையைக் குடிக்கிறது, மற்றது முதுகில் வழியவிடுகிறது?

பருத்தி என்பது குளுக்கோஸ் கோத்த மாலை. ஒவ்வொரு குளுக்கோஸிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடிகள்) கை நீட்டி நிற்கின்றன. தண்ணீர் வந்தால் ஹைட்ரஜன் பிணைப்பு என்ற மெல்லிய ஈர்ப்பால் பிடித்துக்கொள்ளும். 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் 100 கிராம் உலர்ந்த பருத்தி ஏறக்குறைய 8 கிராம் ஈரம் ஏற்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட ஏற்காது. அதன் பென்சீன் வளையங்களில் (ஆறு கார்பன் அணுக்களின் வளையம்) தண்ணீருக்குப் பிடிமானமில்லை. கொடியில் போட்டதும் அது காய்ந்துவிடுவது அதனால்தான்.

இஸ்திரிப் பெட்டி சூடேறினால் பாலியஸ்டர் இளகும். சுமார் 260 டிகிரியில் உருகிவிடும். அப்போதும் சகப்பிணைப்பு உடைவதில்லை, சங்கிலிகள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவுகின்றன, அவ்வளவே. பருத்தி உருகாது. சங்கிலிகள் பிரிவதற்குள் சங்கிலியே அறுந்து கருகும்.

சாயப்பட்டறையில்தான் கதை சிக்கலாகிறது. பாலியஸ்டருக்கான டிஸ்பெர்ஸ் சாயம் 130 டிகிரியில், அழுத்தத்தில், இழைக்குள் புகுந்து தங்கும். சகப்பிணைப்பு ஏதும் உண்டாவதில்லை. பருத்திக்கு 1956இல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயமோ, சலவைச் சோடா சேர்த்ததும் ஹைட்ராக்சிலோடு சகப்பிணைப்பிலேயே இணைந்துவிடும். துவைத்தாலும் சுலபத்தில் போகாது. ஆனால் தண்ணீரில் பருத்திக்கும் எதிர்மின்சுமை, சாயத்துக்கும் எதிர்மின்சுமை. ஒன்றையொன்று தள்ளும் இந்த விலக்கத்தை அடக்கத்தான் உப்பைக் கொட்டுகிறார்கள், லிட்டருக்கு 50 கிராம் என்பது சாதாரணம். அதில் ஒரு கல் உப்பும் துணியில் தங்காது. தண்ணீரோடு வினைபுரிந்து வீணான சாயத்தையும் சேர்த்துக்கொண்டு கழிவில் போகும். அப்படித்தான் நொய்யல் ஆறு கெட்டது, அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையானது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஆற்றில் விடாமல், உப்பையும் நீரையும் மீட்டெடுக்கும் ஏற்பாடு வந்த பிறகே மறுபடி ஓடின.

‘காட்டன்னா இயற்கைங்க’ என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த அணைதான் ஞாபகம் வரும். பாலியஸ்டர் மட்டும் யோக்கியமா? பெட்ரோலியத்தில் பிறந்தது, மண்ணில் மக்காது. எங்கள் ஊர் வெயிலுக்கு நான் வாங்குவது காட்டன்தான், வெளிர்நிறத்தில். அடர்நிறத்துக்குச் சாயமும் உப்பும் கூடுதலாகக் கேட்கும். கபடி ஆடப் போகிற பையனுக்குப் பாலியஸ்டர் ஜெர்ஸி போதும்.