91 பர்சன்டைலுக்கு என்ஐடி சீட்டாம்! 1,45,000 ரூபாய் கொடுத்துவிட்டு நிற்கிறேன்

நேற்றுச் சாயங்காலம் வரை அந்த ஆபீஸ் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை மணிக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, அப்படி ஒரு ஆள் அங்கே இருப்பதே தெரியாத மாதிரி அங்கே வேலை பார்க்கிற பெண் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. 1,45,000 ரூபாய் கொடுத்தவன் நான். ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க அங்கே ஆளில்லை. ஜூன் மாதம் முதல் தடவை போனபோது மட்டும் ஏலக்காய் டீ, பிஸ்கட்டு, ஏசி எல்லாம் இருந்தது.

பெயரைச் சொல்ல வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். அதனால் சொல்லவில்லை. இன்ஜினியரிங் அட்மிஷனுக்கு 'வழிகாட்டும்' கன்சல்டன்சி. எங்களுக்குப் பக்கத்துப் பெரிய ஊரில், செல்போன் கடைக்கு மேல் மாடி. சுவர் முழுக்கக் கோட்டு போட்ட பையன்கள் படம். படத்துக்குக் கீழே காலேஜ் பெயர் இருக்கும், பையன் பெயர் இருக்காது. அதை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

எனக்கு லேத் பட்டறை. பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் சரக்கு திரும்பி வந்துவிடும், அந்தத் தொழில். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்து பார்க்கிறவன், மகன் விஷயத்தில் ஒருத்தன் வாயால் சொன்ன கணக்கை அளக்காமல் வாங்கிக்கொண்டேன்.

மகன் ஸ்டேட் போர்டு. கணிதம் 86, இயற்பியல் 82, வேதியியல் 85. அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங் என்று நாம் இன்னும் சொல்கிறோமே, அதற்கான கட் ஆஃப் 200க்கு 169.5. அது போக ஜேஇஇ மெயினும் எழுதினான். ஜனவரி, ஏப்ரல் இரண்டிலும் நல்லது 91.4 பர்சன்டைல். எனக்கு அது 91.4 மார்க் என்றே மனசில் பதிந்துவிட்டது. நான் 1996ல் எழுதியது பழைய நுழைவுத் தேர்வு. பிளஸ் டூ மார்க்கும் நுழைவுத் தேர்வு மார்க்கும் சேர்த்து 300க்குக் கணக்கு. அதில் வராமல்தான் பட்டறைக்கு வந்தேன். 2007லிருந்து தமிழ்நாட்டில் அந்தத் தேர்வே கிடையாது. ஆனால் என்ஐடி மாதிரி மத்திய அரசுக் காலேஜுக்கு ஜேஇஇதான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று எடுத்த பிள்ளைக்கு இடம் இல்லாமலா போகும் என்று நான் நினைத்ததில் அதிசயம் இல்லை.

ஜூன் முதல் வாரம் போனோம். நானும் மகனும். அந்த ஆளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் விபூதி. நான் பேசத் தொடங்கியதுமே, "அண்ணாச்சிக்கு கோயில்பட்டிப் பக்கமா? எங்க அம்மா ஊரு கழுகுமலை" என்றான். அவ்வளவுதான், பாதி விழுந்துவிட்டேன். அப்புறம் அவன் கேட்டதெல்லாம் சரியான கேள்வி. பிளஸ் டூவில் 75 சதவீதம் இருக்கா? அது இல்லாமல் என்ஐடி கிடையாது என்றான். பெரும்பாலும் உண்மை. என்ஐடியில் பாதி இடம் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்கு, திருச்சி நமக்கு சொந்த மாநிலம் என்றான். அதுவும் உண்மை. இப்படி நாலு உண்மையைச் சொல்லிவிட்டு, அதே குரலில், அதே முகத்தோடு, "அந்தப் பாதிக்குள்ள ஒரு டிஸ்கிரீஷன் கோட்டா, மேல இருக்கிறவங்க இஷ்டப்படி குடுக்கிற சீட்டு, இருக்கு அண்ணாச்சி, வெளிய யாருக்கும் தெரியாது" என்றான்.

அப்போது மகன் மெதுவாகச் சொன்னான். "அப்பா, என் ரேங்க் ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம்ப்பா. திருச்சி கம்ப்யூட்டர் சயின்ஸ்லாம் சில ஆயிரத்துலயே மூடிரும்."

அந்த ஆள் கோபப்படவே இல்லை. சிரித்தான். "தம்பி, அது ஜெனரல் லிஸ்டு. நீங்க படிப்பைப் பாருங்க, இத நாங்க பாத்துக்கிறோம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? மகன் பக்கம் திரும்பி, "பெரியவங்க பேசுறப்ப நீ சும்மா இருலே" என்றேன். பதினேழு வயதுப் பிள்ளை சரியாகச் சொன்னான். நான் அவன் வாயை அடைத்தேன். பணம் போனதைக் கூட ஆற்றிக்கொள்ளலாம், இதை எப்படி ஆற்றுவது என்று தெரியவில்லை.

அன்றைக்கே 25,000 ஜிபேயில். ரசீது கொடுத்தார்கள். என்ஐடி, ஐஐடி சீட்டுக்கான மத்தியக் கவுன்சிலிங் நடக்கிற ஜோசா இணையதளத்து யூசர் ஐடி, பாஸ்வேர்டு இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். எந்தக் காலேஜ், எந்த பிராஞ்ச் வேண்டும் என்று வரிசையாகப் பதிகிற வேலையை 'சாய்ஸ் ஃபில்லிங் எக்ஸ்பர்ட் டீம்' செய்யுமாம். ஓடிபி வந்தபோதெல்லாம் பட்டறையில் கிரீஸ் கையோடு போனை எடுத்து நானே வாசித்துச் சொன்னேன்.

ஆறு சுற்று முடிந்தது. ஒன்றும் வரவில்லை. "அது எதிர்பார்த்ததுதான் அண்ணாச்சி, நம்ம வேலையே இனிமேதான்" என்றான். மிச்சமிருக்கும் இடங்களுக்கு சிஎஸ்ஏபி ஸ்பெஷல் ரவுண்ட் வருது, அதில் சீட்டைப் பிளாக் பண்ண 1,20,000, பணமாக, இரண்டு நாளில். வீட்டில் அவளுடைய ஆரத்தைக் கூட்டுறவு வங்கியில் வைத்தோம். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிபன் கேரியர் பையில் போட்டு எடுத்துப் போய்க் கொடுத்தேன். இதற்கு ரசீது கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் பேப்பர் போட்டா மேல இருக்கிறவங்க மாட்டிக்குவாங்கல்ல" என்றான். அதுவும் எனக்கு நியாயமாகப் பட்டது பாருங்கள்! 25,000 போட்டு 1,20,000, மொத்தம் 1,45,000.

இதற்கு நடுவில் தமிழ்நாட்டுக் கவுன்சிலிங் இரண்டாவது சுற்றில் மகன் பெயர் வந்தது. 500 ரூபாய் கட்டி மே மாதமே பள்ளிக்கூடத்தில் வைத்துப் பதிவு செய்திருந்தோம். "அத தொடாதீங்க, ரெண்டு எடத்துல சீட்டு விழுந்தா இது கேன்சலாயிரும்" என்றான். பச்சைப் பொய். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாங்கள் சாய்ஸ் போடாமல் விட்டுவிட்டோம். 169.5க்கு என்னென்ன கிடைத்திருக்கும் என்று இப்போது மகன் பழைய பட்டியலைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறான். கேட்கக் கேட்க வயிறு எரிகிறது.

ஆகஸ்டில் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. 'புரோவிஷனல் அலாட்மென்ட்'. சிங்க முத்திரை, கையெழுத்து, திருச்சி, கம்ப்யூட்டர் சயின்ஸ், எல்லாம் இருந்தது. நான் ஒரு கிலோ கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு மகனின் இயற்பியல் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் மிட்டாயைக் கையில் வாங்கினார், வாயில் போடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், அலாட்மென்ட் நம்ம லாகின்லதான் வரும். வாட்ஸ்அப்ல வராது" என்றார்.

பாஸ்வேர்டை மாற்றி வைத்திருந்தார்கள். நல்லவேளை, பதிவு செய்த நம்பர் என்னுடையது. மறந்துவிட்டேன் என்று கொடுத்து உள்ளே போனோம். சீட் எதுவும் இல்லை. 'எக்ஸ்பர்ட் டீம்' ஜூனில் போட்டிருந்த சாய்ஸ் மொத்தம் பதினொன்று. திருச்சி, சூரத்கல், வாரங்கல் என்று பதினொன்றும் கம்ப்யூட்டர் சயின்ஸ்! எங்கள் ரேங்குக்கு எட்டக்கூடிய ஒரு காலேஜ், ஒரு பிராஞ்ச் அதில் இல்லை. சிஎஸ்ஏபி பக்கம் போனால், அதற்குப் பதிவே செய்யவில்லை. 1,45,000க்கு அவர்கள் செய்த வேலை அந்தப் பதினொரு கிளிக்.

வாத்தியார்தான் காகிதத்தில் போட்டுக் காட்டினார். 91.4 பர்சன்டைல் என்றால் நூறு பேரில் 8.6 பேர் நமக்கு மேலே. 2025ல் எழுதியவர்கள் சுமார் 14,75,000. அதில் 8.6 சதவீதம் என்றால் ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் சொச்சம் பேர் நம் பிள்ளைக்கு முன்னால் நிற்கிறார்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. மகன் அன்றைக்குச் சொன்ன அதே எண்.

அதற்கப்புறம் நடந்த கூத்தை என்ன சொல்ல. முதல் நாள் போன் எடுத்தான், "சிஸ்டம் அப்டேட் ஆகல, ரெண்டு நாள் பொறுங்க." அடுத்து, "சார் டெல்லி போயிருக்கார்." ஜூனில் இவனேதான் சார், ஆகஸ்டில் இவனுக்கு மேல் இன்னொரு சார். அடுத்து, சென்னைப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் போட்டுத் தருகிறேன், இன்னும் மூன்று லட்சம் ஆகும் என்றான். ஏமாந்தவனிடமே இன்னொரு தடவை! பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ஒரு படிவம் கொடுத்தார்கள், 45 வேலை நாள் ஆகுமாம். ரசீதைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் பொடி எழுத்தில் 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது'. 1,20,000 பற்றி எங்கும் ஒரு வரி இல்லை. "எந்தப் பணம் சார்? நீங்க குடுத்தது 25,000தானே?" என்று அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துக் கேட்டது. அண்ணாச்சி போய் சார் ஆகியிருந்தேன்.

ஸ்டேஷனில் மனு கொடுத்து, மனு வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கியிருக்கிறேன். "ரொக்கமா குடுத்ததுக்கு சாட்சி யாரு?" என்று கேட்டார்கள். மகன் கீழே பைக்கில் இருந்தான். நான் தனியாகத்தான் மாடி ஏறினேன்.

துணைக் கவுன்சிலிங்கில் மகனுக்கு மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது, வீட்டிலிருந்து எழுபது கிலோமீட்டர். இன்று காலை ஐந்தரை பஸ்ஸுக்குப் போனான்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று வரிசையாக, விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு ஓடவில்லை, பட்டறையில் ஆள் காத்திருக்கிறார்கள். தோன்றுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். என்ஐடி, ஐஐடியில் மேனேஜ்மென்ட் கோட்டா கிடையாது, டிஸ்கிரீஷன் கோட்டாவும் கிடையாது, எவன் சொன்னாலும். பர்சன்டைலைப் பார்க்காதீர்கள், ரேங்க்கைப் பாருங்கள். போன வருஷம் எந்த ரேங்க்கில் எது மூடியது என்று ஜோசா தளத்திலேயே சுற்றுவாரியாக இருக்கிறது, இலவசம். அங்கே சாய்ஸ் போடவும் காசு கிடையாது, சீட் விழுந்தால்தான் கட்டணம். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பிசி பிள்ளைகளுக்கு நம் மாநில ஜாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது, மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ், அந்த வருஷம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கினது வேண்டும். இது கூட அவர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்கை எதற்காகவும் விடாதீர்கள்.

செல்போன் கடைக்கு மேல் மாடி, விபூதி, 'எங்க அம்மா ஊரு உங்க பக்கம்தான்'. இந்த ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். நான் ஒருத்தன் போய் நின்றால் 25,000 என்கிறார்கள். நாலு பேராகப் போனால் அந்த 1,20,000 அவர்களுக்கு ஞாபகம் வரலாம்.