ஐநேச்சுரலிஸ்ட்: கருந்தலைப் பெயர்களைத் தேடுகிறவர்களுக்கு

பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதிவு செய்யும் செயலியான ஐநேச்சுரலிஸ்ட் இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை. அதன் பெயர்த் தேடல் அருமையானது. ஆனால் 'மெலனோசெஃபாலஸ்' மாதிரி உடல் அடையாளப் பெயரைத் தனியாகத் தேடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

அறிவியல் பெயரின் முன்பாதி பேரினத்தையும் பின்பாதி இனத்தையும் குறிக்கும். 'கருந்தலை' என்ற பொருளுள்ள இந்தப் பின்பாதி ஒரே பேரினத்துக்குள் இரண்டு இனங்களுக்கு வராது. வேறு பேரினங்களில் எத்தனை முறையும் வரலாம். வேடந்தாங்கலில் கூடு கட்டும் வெள்ளை அரிவாள் மூக்கன் திரெஸ்கியோர்னிஸ் மெலனோசெஃபாலஸ். ஐரோப்பிய மத்தியதரைக் கடற்காகம், அமெரிக்கக் கருந்தலை கிராஸ்பீக் பறவை, ஒரு கடல் பாம்பு ஆகியவற்றுக்கும் பின்பாதி இதேதான். எம்பெரிசா என்ற சிறு பறவைப் பேரினத்தின் பெயர் இலக்கணப்படி பெண்பால் என்பதால் அங்கே 'மெலனோசெஃபாலா' ஆகிவிடும். எனவே பேரினத்தையும் சேர்த்துத் தட்டுங்கள். பட்டியலில் வந்த முதல் பெயரை அவசரத்தில் தொட்டால், அரிவாள் மூக்கன் படம் கடற்காகத்தின் கணக்கில் போய் விழும். உங்கள் பயனர் கணக்கு அமைப்பில் அறிவியல் பெயர் முன்னால் வரும்படி மாற்றிக்கொள்வது நல்லது.

பெயரை நம்பி இனத்தைத் தீர்மானிப்பதுதான் பெரிய சிக்கல். அரிவாள் மூக்கனின் தலையில் கறுப்பு இறகே கிடையாது; மொட்டையான கறுப்புத் தோல்தான். இளம் பறவைக்கோ தலையிலும் கழுத்திலும் சாம்பல் இறகுகள் இருக்கும். கடற்காகங்களில் இன்னும் குழப்பம்: ஆங்கிலத்தில் 'பிளாக் ஹெடட் கல்' எனப்படுவது குரோய்கோசெஃபாலஸ் ரிடிபண்டஸ், இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலை சாக்லேட் பழுப்பு. உண்மையில் கன்னங்கரேலென்ற தலை மத்தியதரைக் கடற்காகமான இக்தியேட்டஸ் மெலனோசெஃபாலஸுக்குத்தான். குளிர்காலத்தில் இரண்டுமே முக்காடு போன்ற அந்தத் தலை நிறத்தை இழந்துவிடும். கண்ணுக்குப் பின்னால் கருந்தீற்று மட்டும் மிஞ்சும். அப்போது இறக்கை நுனியைப் பாருங்கள்: வளர்ந்த ரிடிபண்டஸுக்குக் கறுப்பு, மெலனோசெஃபாலஸுக்கு வெள்ளை. ஆகவே உட்கார்ந்திருக்கும் படத்தோடு பறக்கும் படமும் ஏற்றுங்கள்.

செயலியின் தானியங்கிப் பரிந்துரை தொடக்கத்துக்கு உதவும், முடிவுக்கு அல்ல. ஒரு பதிவின் அடையாளம் உறுதியானது என்று காட்டும் 'ஆய்வுத் தரம்' கிடைக்கக் குறைந்தது இரண்டு பேர் அடையாளம் சொல்ல வேண்டும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போகவும் வேண்டும். இந்த முறை எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் முதலில் போட்ட தவறான பெயருக்கு இன்னொருவர் யோசிக்காமல் 'ஆம்' சொன்னால் அதுவும் தேறிவிடும்.

குளிர்காலத்தில் மேற்கு இந்திய வயல்களில் பெண் எம்பெரிசாவைப் படமெடுத்தால் இனப்பெயர் போடவே வேண்டாம். எம்பெரிசா மெலனோசெஃபாலாவின் பெண்ணுக்குக் கருந்தலை இல்லை. செந்தலை இனமான எம்பெரிசா புரூனிசெப்ஸின் பெண்ணிலிருந்து அதைப் பிரிப்பது மிகக் கடினம். 'எம்பெரிசா' என்று பேரினத்தோடு நிறுத்தி, முதுகும் வாலடியும் தெரியும் படங்களைச் சேர்த்துவிடுங்கள்.